சம்மணம்

பால்பாண்டியின் ஜீப்பில் ஏறினால் மலையடிவாரத்து முந்தலில் டீயும் மாத்திரையும் உண்டு என்பது சிலமலை ஊரில் எல்லாருக்கும் தெரியும். மற்ற ஜீப்புக்காரர்கள் டீ மட்டும் வாங்கித் தருவார்கள். சிலர் அதையும் தரமாட்டார்கள். அதனால் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் பால்பாண்டி வண்டியில் ஒரு இடம் கிடைத்தால் லேசில் விடமாட்டார்கள். காய்க் காலத்தில் அவன் வண்டிக்கு ஒரு நாளும் ஆள் குறைந்ததில்லை.

இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. போடியில் ஒரு மருந்துக்கடையில் போய், "ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்றால் காகிதத்தில் மூன்று மாத்திரை மடித்துத் தருவார்கள். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, மிளகைவிடச் சின்னதாகப் பச்சையில் ஒன்று. எது எதற்கு என்று கடைக்காரர் சொன்னதில்லை, வாங்குகிறவர்களும் கேட்டதில்லை. போட்டுக்கொண்டு போடிமெட்டு ஏறுவதற்குள் உடம்பு காற்றாகிவிடும். நேற்றைய வலி எங்கே போனதென்றே தெரியாது. சட்டைப்பை நிறையப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு பால்பாண்டி கை கையாகக் கொடுத்துவருவதைப் பார்த்து, வண்டியில் வருகிற மகாராணிதான் அவனுக்குப் பூசாரி என்று பெயர் வைத்தாள்.

"ஏ பூசாரி, துண்ணூறு வந்துச்சு, தீர்த்தம் எங்கய்யா?"

"டீ வருது மதினி. செத்த பொறுங்க."

"முதப் பொட்டலம் ஒம் பொண்டாட்டிக்குத்தான? எங்களுக்கெல்லாம் மிச்சம் மீதிதான்."

முதல் பொட்டலம் வீரலட்சுமிக்குத்தான். அவளுக்காக ஆரம்பித்த வழக்கம்தான் அது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் தொடர்ந்து காய் எடுத்துவிட்டு வந்து, இடுப்பையும் முதுகையும் பிடித்துக்கொண்டு அவள் அழுததைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் யாரோ சொன்ன செட்டை வாங்கி வந்து கொடுத்தான். அவள் வயிறாரச் சாப்பிட்டாள், அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள். நாளாவட்டத்தில் முகம் உருண்டு பளபளத்தது. "பால்பாண்டி பொண்டாட்டியப் பாரு, மலைக்குப் போயும் எம்புட்டுச் சதை போட்டுருக்கா" என்று தெருவே கண் வைத்தது. வண்டியில் வருகிற மற்றப் பெண்களும் கேட்டார்கள். கொடுத்தான். அவனுக்கு அது புண்ணியமாகவும் இருந்தது, வண்டி நிறையவும் செய்தது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும்போது எந்த மனுஷன்தான் வேண்டாம் என்பான்.

ஏலக்காய் உச்சியில் காய்க்கிற சரக்கு இல்லை. செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும்; காயோ அடித்தூரில், மண்ணில் படர்ந்து கிடக்கிற சரத்தில் இருக்கும். தூருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சருகை ஒதுக்கி, சரத்தைத் தூக்கி, முற்றின காயை மட்டும் கிள்ளி இடுப்புப் பையில் போட வேண்டும். ஒரு தூர் முடிந்ததும் எழுந்து நடந்து அடுத்த தூருக்குப் போகிறவள் புதுசு. பழகினவள் எழுந்திருக்கமாட்டாள். குத்தவைத்தபடியே ஒரு காலை முன்னால் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, மறு காலை இழுத்து நகர்ந்துவிடுவாள். சரிவில் நூல் மழை பெய்துகொண்டே இருக்கும். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளுக்குள்ளும் தண்ணீர் இறங்கும். கெண்டைக்காலில் அட்டை ஏறிக் குடித்துவிட்டு, கொழுத்து, தானாக உதிரும். காலையில் குத்தவைத்தவள் சோற்றுக்குத்தான் நிமிர்வாள்.

வீரலட்சுமி நகர்வதை வேடிக்கை பார்க்கலாம். தரையில் சக்கரம் வைத்த மாதிரிப் போவாள். கங்காணி மலைச்சாமி புதிதாக வருகிறவர்களிடம் அவளைத்தான் காட்டுவார். போடிக்காரர்தான். ஆனால் மலையிலேயே குடியிருந்து பேச்சில் பாதி மலையாளமாகிவிட்டது.

"வீரலச்சுமி சேச்சியைக் கண்டு படி. அங்ஙன எடுக்கணும் காயி."

தன் தம்பி யோகராஜுக்குக் கல்யாணமாகி, அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட பிறகு, தம்பி மனைவி முத்துப்பிரியாவை மலைக்குக் கூட்டிவந்ததும் வீரலட்சுமிதான். குத்தவைக்கவும் நகரவும் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் சாயங்காலம் அந்தப் பெண் காலை மடக்க முடியாமல் ஜீப்பில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் முந்தலில் வீரலட்சுமி தன் பொட்டலத்தைப் பிரித்து அவள் உள்ளங்கையில் கொட்டினாள்.

"போட்டுக்க. பழகுற வரைக்கும் வலிக்கும். எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு."

பொங்கலுக்குப் பிறகு வீரலட்சுமிக்கு இடது முழங்காலில் வலி வந்தது. வலி என்றால் இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத வலி. முட்டியின் உட்பக்கம் எங்கோ ஆழத்தில் கிடந்து பிடுங்கியது. மலைக்குப் போகிறவர்களில் முழங்கால் வலிக்காதவள் யார்? அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவளும் எடுத்துக்கொள்ளவில்லை. பால்பாண்டி மட்டும் சும்மா இருக்கவில்லை. தேவாரம் பக்கம் எண்ணெய்க்கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனான். அவர் முழங்காலை உருவிவிட்டுப் பச்சிலை அரைத்துக் கட்டினார். ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் வாங்கிவந்து, மயிரைத் தீயில் பொசுக்கிச் சுத்தம் பண்ணி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு அவனே சூப்பு வைத்துக் கொடுத்தான். கேட்கவில்லை. போடியில் ஒரு கிளினிக்கில் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். முழங்கால் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நன்றாக இருக்கிற முழங்கால் ஏன் வலிக்கிறது என்று இவர்கள் கேட்கவில்லை. நன்றாக இருப்பதாகச் சொன்ன சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வலி கூடக் கூட மத்தியானத்துக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தான் பால்பாண்டி.

கண்ணில் பட்டதெல்லாம் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் செருப்பில் ஒன்று மட்டும் தேய்ந்தது. சேலைக் கரை இடது பக்கம் மட்டும் தரையில் இழுபட்டுச் சேறானது. சோற்றுக்கு உட்கார்ந்தால் இடது காலை முன்னால் நீட்டிக்கொண்டுதான் சாப்பிட்டாள். "போடி ஜமீனாட்டம் காலை நீட்டிக்கிட்டுத் திங்கிறதப் பாரு" என்று அவன் கேலிகூடப் பண்ணினான். அவளும் சிரித்தாள்.

ஆடி மாதம் ஒரு மழை நாளில், மேல் சரிவில் தூருக்கு முன்னால் குத்தவைத்தவள் எழுந்திருக்கவில்லை.

"என்னா சேச்சி, காயி எடுக்காம தியானமா? குத்தவச்சு இருந்நது மதி, போதும், எந்திரி."

"முடியலண்ணே. காலு வர மாட்டேங்குது."

"இதே ஆவலாதிதான் தினமும். முட்டி வேதன இவிட ஆருக்கு இல்ல?"

"சத்தியமாண்ணே. இடது காலு எங்கிட்டு இருக்குன்னே தெரியல."

மகாராணியும் முத்துப்பிரியாவும் வந்து கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். இடது காலைத் தரையில் வைத்ததும் வீரலட்சுமி போட்ட அலறலில் எதிர்ச் சரிவில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காய் உலர்த்துகிற படுதாவைக் கொண்டுவந்து விரித்து, அதில் கிடத்தி, நான்கு பெண்கள் நான்கு மூலையைப் பிடித்து வழுக்குகிற பாதையில் ஜீப் ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். மலைச்சாமியும் வந்து ஒரு கை கொடுத்தார். முகம் செத்துப்போயிருந்தது. வழியெல்லாம் "சேச்சி, ஒண்ணும் இல்ல சேச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தேனி பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் சூர்யகலா என்கிற சின்ன வயதுப் பெண். அவள் முதலில் படம் எடுக்கச் சொல்லவில்லை. வீரலட்சுமியைக் கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தாள். இடது குதிகால் மேலே நின்றது. தொடையை டேப்பால் சுற்றி அளந்தாள். இடது தொடை இளைத்துக் கிடந்தது. பிறகு முழங்காலை எல்லாப் பக்கமும் அமுக்கினாள்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"இங்க?"

"இல்லைங்க டாக்டரம்மா."

முழங்காலை மடக்கிவைத்து, பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கமாக மெல்லத் திருப்பினாள். வீரலட்சுமி, "ஆத்தா!" என்று கத்திக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தாள்.

"இப்ப எங்க வலிச்சது?"

"முட்டிலதாங்க."

"இப்ப முட்டியை நான் அமுக்கவே இல்லையேம்மா. பாதத்தைப் பிடிச்சு இடுப்பு மூட்டைத்தான் திருப்புனேன்."

"வலிக்கிறது எனக்குங்க டாக்டரம்மா. எனக்குத் தெரியாதா எங்க வலிக்குதுன்னு? முட்டிதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "தரையில சம்மணம் போட்டு உக்காந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள்.

வீரலட்சுமி புருஷனைப் பார்த்தாள். கேலி பண்ணினது ஞாபகம் வந்து பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "பொங்கல்லருந்து இல்லைங்க" என்றான்.

இடுப்பைப் படமெடுத்து வரச்சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். வலது பக்கம் தொடை எலும்பின் தலை உருண்டையாக இருந்தது. இடது பக்கம் காலால் மிதித்த எலுமிச்சம்பழம் மாதிரி ஒருபக்கம் அமுங்கியிருந்தது.

"இடுப்பெலும்புல கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கு பாருங்க. தொடையெலும்போட தலை அதுக்குள்ள உக்காந்து சுத்தணும்."

"ஜீப்புல உருண்டையா பால் ஜாயின்ட்டுன்னு ஒண்ணு இருக்குங்க. அது மாதிரியா?"

"அதேதான். ஆனா வண்டிக்கு கிரீஸ் போதும், இதுக்கு ரத்தம் வேணும். எலும்போட கழுத்தைச் சுத்தி நூலாட்டம் குழாய்தான் ரத்தம் கொண்டுபோகுது. அது நின்னுட்டா எலும்பு செத்துரும். செத்த எலும்பு மேல பாரம் ஏற ஏற நொறுங்கும். அதான் கால் குட்டையாயிருச்சு. இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்புலருந்து கிளை போறதால, இங்க பழுதுன்னா அங்க வலிக்கும். முழங்காலுக்கே வைத்தியம் பாத்துக்கிட்டு நாளைக் கடத்திட்டு வர்றவங்க நிறையப் பேரு."

சொல்லிக்கொண்டே வீரலட்சுமியின் உருண்ட முகத்தையும் பிடரியில் திரண்டிருந்த சதையையும் பார்த்தாள். "வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

வீரலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மத்தியானத்துப் பொட்டலம் மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. டாக்டர் அந்தப் பச்சை மாத்திரையை மட்டும் விரலால் ஒதுக்கினாள்.

"இதுதாம்மா. ஸ்டீராய்டு. சில வியாதிக்கு உசுரைக் காப்பாத்துற மருந்து. இப்பிடி வருஷக்கணக்கா வலிக்குன்னு தின்னா சில பேருக்கு எலும்புக்குப் போற ரத்தத்தை நிறுத்திரும். யாரு வாங்கிக் குடுக்குறது?"

பால்பாண்டி சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"நானே கடையில கேட்டு வாங்குவேங்க" என்றாள் வீரலட்சுமி.

"கூட வேலை பாக்குறவங்க யாரும் சாப்பிடுறாங்களா?" டாக்டர் இப்போது அவனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"தெரியலைங்க. நான் வண்டி ஓட்டுறவன்."

"விசாரிச்சுப் பாருங்க. யாருக்காச்சும் இப்பிடி வலி இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. எலும்பு அமுங்குறதுக்கு முன்னால வந்தா காப்பாத்தப் பாக்கலாம். தாங்களா ஒரேயடியா நிறுத்தவும் கூடாது, உடம்பு தாங்காது. நாங்க பாத்துப் படிப்படியாக் குறைப்போம்."

வீரலட்சுமிக்குச் செத்த தலையை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் வேறு மூட்டு வைக்க வேண்டும் என்றாள். காப்பீட்டு அட்டையிலேயே செய்துவிடலாம். கூப்பிட்டு அனுப்பும்போது வந்து சேர்ந்தால் போதும். வலது பக்கமும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. அதையும் கவனிக்க வேண்டும்.

"வச்சா நடக்கலாங்களா?"

"நல்லா நடக்கலாம். ஆனா குத்தவைக்கக் கூடாது. தரையில உக்காரக் கூடாது."

"அப்ப மலைக்கு?"

"எந்த மலைக்கு?"

"காய் எடுக்கங்க. குத்தவைக்காம எப்பிடிங்க எடுக்குறது?"

அடுத்த நோயாளி வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும்போது ஜீப்பின் முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வீரலட்சுமி வெளியே பார்த்தபடி வந்தாள். போடி எல்லைக்குள் நுழைந்ததும் ஏலக்காய் வாசம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து புருஷனை நீங்க, வாங்க என்றே பேசி வந்தவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக அதை விட்டாள்.

"ஏன்யா தெரியலைன்ன?"

"எதை?"

"டாக்டரம்மா கேட்டாகள்ல. ஒவ்வொரு நாளும் கை நெறையக் குடுக்கிறவன் தெரியலைங்கிற."

"நீ மட்டும் என்ன? நானே வாங்குவேன்னுதான சொன்ன?"

"ஒன்னயக் காட்டிக்குடுக்க மனசு வரல. அதுக்காக நீ அம்புட்டுப் பேரையும் விட்டுருவியா?"

"எப்பிடி ஒடச்சுச் சொல்லச் சொல்ற? நான் குடுத்த மாத்திரையில எம் பொண்டாட்டி காலு போச்சு, ஒங்க காலும் போகும்னா? மகாராணி மகன் என்னயச் சும்மா விடுவானா? ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? தெரிஞ்சா செஞ்சேன், லச்சுமி?"

"தெரிஞ்சு செய்யல. இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல?"

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. "காய்க் காலம் முடியட்டும். தை பொறந்ததும் நானே எல்லாரையும் ஒக்காரவச்சுச் சொல்லிர்றேன். ஒந் தலையில அடிச்சுச் சொல்றேன், இனிமே ஒருத்திக்கும் அந்த மாத்திரையக் குடுக்க மாட்டேன்."

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அவள் தலையில் வைத்தான். அவள் அதை ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் இத்தனை வருடம் தன் வலியைப் பார்க்கப் பொறுக்காத மனுஷனை நாலு பேர் நடுவில் நிறுத்த அவளுக்கும் தைரியம் இல்லை. பார்க்க வந்த பெண்களிடம் "முட்டித் தேய்மானமாம், ஆப்பரேசன் பண்ணணுமாம்" என்றே சொல்லி அனுப்பினாள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு வாய் கசந்தது.

பால்பாண்டி மறுநாள் முந்தலில் டீ மட்டும் வாங்கிக் கொடுத்தான்.

"எங்கய்யா பூசாரி, துண்ணூறு?"

"கடையில சரக்கு வரல மதினி."

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் வண்டிக்குள் பேச்சே இல்லை. வருடக்கணக்காகத் தின்ற உடம்புகள் திடீரென்று மாத்திரை இல்லாமல் துவண்டன. முத்துப்பிரியா ஏலத்தூருக்கு முன்னால் குத்தவைத்தபடியே வாந்தி எடுத்தாள். மகாராணிக்குக் கைகால் வெடவெடத்துத் தூக்குவாளியைத் திறக்க வரவில்லை. சாயங்காலம் எடை போடும்போது காயைப் பார்த்துவிட்டு மலைச்சாமி பால்பாண்டியிடம் வந்து நின்றார்.

"இது எந்தாடா பால்பாண்டி, ஆளையா கொண்டாந்த, பொணத்தையா? இங்ஙன ஆனா நாளைக்கு வேற வண்டிக்குச் சொல்லிருவேன்."

மகாராணி நேராகவே கேட்டாள். "ஒம் பொண்டாட்டி படுத்துட்டா, எங்களுக்கு எதுக்கு மாத்திரைன்னு நெனச்சுட்டியா?"

"அய்யோ, அப்பிடியெல்லாம் இல்ல மதினி."

"பெறகென்ன? அந்தக் கடை இல்லைன்னா வேற கடையே இல்லையா போடியில? மாரீஸ்வரன் வண்டியிலயும் இப்பக் குடுக்கிறானாம். காலையில அங்கிட்டுப் போறோம்."

அந்த நேரத்தில் அவன் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கென்றே அமைந்த நேரம் அது. எல்லாரும் எதிரில் நின்றார்கள், காரணத்தையும் அவர்களே கேட்டார்கள். அவன் வாயைத் திறந்தான். "நாளைக்குக் கொண்டாறேன் மதினி" என்றுதான் வந்தது.

ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார்கள், அதனால் கொடுப்பதுதான் சரி என்று இறங்குகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த அம்மாள் சொன்னதில் தனக்குத் தோதான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான். மறுநாள் முந்தலில் பொட்டலம் வந்தது. பெண்கள் சிரித்தார்கள். வீட்டில் வீரலட்சுமி கேட்டபோது, "அதெல்லாம் அன்னைக்கே நிறுத்திட்டேனே" என்றான்.

புரட்டாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலைக்குப் போகாத நாள். பால்பாண்டி தெருவில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். சக்கரத்தில் அப்பியிருந்த மலைச் செம்மண் வாய்க்காலில் ஓடியது. வீட்டுக்குள் வீரலட்சுமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவளுக்கு எல்லாமே அந்த நாற்காலிதான். சாப்பாடு, வெங்காயம் உரிப்பது, தலை சீவுவது எல்லாம் அதில்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை அவர்கள் சொன்னபடி குறைத்துக்கொண்டே வந்ததில் முக வீக்கம் வடிந்து, எலும்பு தெரிந்தது. முத்துப்பிரியா தூக்குவாளியோடு உள்ளே வந்தாள்.

"மதினி, ஆட்டுக்காலு. சூடு ஆறுறதுக்குள்ள வெரசாக் குடிங்க. புரட்டாசிங்கிறதால கடையில கூட்டமே இல்ல, நல்ல காலாக் குடுத்தான்."

"நீ எதுக்கு ஆத்தா இம்புட்டுச் செரமப்படுற? ஒரு நாளு ஓஞ்சு படுக்க வேணாமா?"

"எனக்கென்ன செரமம்? நீங்க எம்புட்டுச் செஞ்சிருக்கீக எனக்கு." டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும் மதினி. அண்ணங்கிட்டக் கேக்க ஒரு மாதிரியா இருக்கு, நீங்க சொல்லுங்க."

"என்ன புள்ள?"

"நீங்கதான் இப்ப மலைக்கு வரலையில்ல. ஒங்க பங்கு மாத்திரையவும் எனக்கே குடுக்கச் சொல்லுங்க. காலையில குடுக்கிறது மதியம் வரைக்கும்தான் தாங்குது."

வீரலட்சுமி டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினாள். நாற்காலியிலிருந்து குனிய முடியவில்லை. மடியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க அண்ணன் இன்னமும் குடுக்கிறாரா?"

"குடுக்காம? நடுவுல ரெண்டு மூணு நாளு இல்ல. செத்துப் பொழச்சோம்."

வாசலில் வாளித் தண்ணீர் ஜீப்பின் மேல் சளாரென்று விழுந்தது. தன் தலையில் வைத்த கையை வீரலட்சுமி நினைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அவன்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. இத்தனை நாள் இந்த வீட்டுக்கு எத்தனை பெண்கள் வந்து போனார்கள். ஒருத்தியிடம் சொல்லியிருக்கலாம்.

"ஒனக்கு எதுக்குடி ரெண்டு? என்ன பண்ணுது ஒனக்கு?"

"முட்டி வலிதான் மதினி. ஆடியிலருந்து இருக்கு. ஒங்க வீட்டுக்கு வாக்கப்பட்டேன், முட்டியும் ஒங்க முட்டியாட்டம் ஆயிருச்சு" என்று சொல்லிச் சிரித்தாள்.

"எந்தக் காலு?"

"வலது."

"இங்கன உக்காரு. எங் காலடியில. சம்மணம் போட்டு உக்காரு."

"எதுக்கு மதினி?"

"உக்காருன்னா உக்காரு."

முத்துப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இடது காலை மடக்கினாள். வலது காலைக் கையால் இழுத்து மடக்கப் பார்த்தாள். பாதி வரைக்கும் வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு விட்டுவிட்டாள். கால் தானாக முன்னால் நீண்டது.

"வர மாட்டேங்குது மதினி. சோத்துக்கும் இப்பிடித்தான் நீட்டிக்கிட்டுக் கெடக்கேன்."

வீரலட்சுமி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெண்டைச் சதையில் அட்டை கடித்த தழும்புகள் வரிசையாக இருந்தன. இருபத்து நாலு வயசுப் பெண்ணின் கால். பிறகு தெருப் பக்கம் திரும்பி, இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சத்தத்தில் கூப்பிட்டாள்.

"யோவ், உள்ள வாய்யா!"

பால்பாண்டி கையில் ஈரத்துணியோடு ஓடிவந்தான். கீழே விழுந்துவிட்டாளோ என்று பயந்த முகம். நிலைப்படியைத் தாண்டியதும் முத்துப்பிரியா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தான். அவனுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"முட்டி வலிக்குதாம். எம் பங்கையும் சேத்துக் கேக்குறா" என்றாள் வீரலட்சுமி. "நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"லச்சுமி..."

"தை மாசம் வரைக்கும் அவ காலு நிக்காதுய்யா. சொல்லு."

அவன் முத்துப்பிரியாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபோது அவனுடைய இரண்டு கால்களும் எந்தத் தடையும் இல்லாமல் சம்மணத்தில் மடங்கின. அதைக் குனிந்து பார்த்தான். வெட்கமாக இருந்தது.

"வலி முட்டில இல்லத்தா" என்றான். ஈரக் கையை எடுத்துத் தன் தொடை இடுக்கில் வைத்துக் காட்டினான். "இங்க இருக்கு. உள்ள இருக்கிற எலும்புத் தலை செத்துக்கிட்டிருக்கு. நான் குடுத்த மாத்திரை பண்ணுனது. ஒங்க மதினிக்கும் அதுதான். தெரிஞ்சுக்கிட்டே இத்தன நாளும் ஒங்களுக்குக் குடுத்தேன். நாளைக்கு வண்டி மலைக்கு இல்ல, தேனிக்குத்தான்."

முத்துப்பிரியா அவனையும் வீரலட்சுமியையும் மாறிமாறிப் பார்த்தாள். அண்ணன் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னண்ணே நீங்க? வலிக்கிறது எனக்கு. எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

"நானும் டாக்டரம்மாகிட்ட இதையேதாண்டி சொன்னேன்" என்றாள் வீரலட்சுமி.